ஏழு வருஷக் குரூப் போட்டோக்களும் ஜிம்ப்பும்

2018-இல் எங்கள் பள்ளிப் பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோ பிரிண்ட் ஆகி வந்தபோது, இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி கண்ணை மூடியிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. நாற்பது பேருக்கும் பிரதி கொடுத்தாகிவிட்டது. மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். "சார், வீட்டுல மாட்டுறதுக்கு இவ போட்டோன்னு இது ஒண்ணுதான் இருக்கு. கண்ணு தெறந்த மாதிரி ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார். படம் எடுத்தவரிடம் விசாரித்தேன். மூன்று ஷாட் எடுத்து, நல்லதாகத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்திருந்தார். அந்த அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதே வருஷம்தான் ஜிம்ப் 2.10 வந்தது. படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள், 4 ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப்பிலும் ஓடியது. ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்டும் நிலையில் நான் இல்லை. 2019 முதல் வகுப்புப் படங்களை நானே எடுத்து நானே சரிசெய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சஷ்டியப்த பூர்த்தி என்று சொந்தக்காரர்களின் படங்களும் வந்து சேர்ந்துகொண்டன. இத்தனை நாள் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது. நிறைய ஷாட் எடுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். எத்தனை எடுத்தால் எல்லார் கண்ணும் திறந்த ஒரு படமாவது கிடைக்கும் என்று ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் கணக்குப் போட்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, 2006-இல் கணிதப் பிரிவில் அதற்குக் கிடைத்தது. இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுக்க வேண்டும், வெளிச்சம் குறைவு என்றால் இரண்டால். பதினைந்து பேர் குடும்பத்துக்கு வெயிலில் ஐந்து ஷாட், மண்டபத்துக்குள் எட்டு. ஐம்பது பேர் நின்றால் ஒரே ஷாட்டில் எல்லார் கண்ணும் திறந்திருக்கும் என்று நம்பவே முடியாது. நாற்பது பிள்ளைகளுக்கு நான் இருபதுக்குக் குறையாமல் எடுக்கிறேன், கேமராவை ஸ்டாண்டில் வைத்து. ஸ்டாண்ட் இருந்தால் பின்னாலுள்ள சுவர் எல்லா ஷாட்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். பிற்பாடு பாதி வேலை மிச்சம்.

வேலை இதுதான்: அதிகம் பேர் நன்றாக இருக்கும் ஷாட்டை அடியில் வைக்கிறேன். கண் மூடிய பிள்ளைக்கு, அவளே கண் திறந்திருக்கும் இன்னொரு ஷாட்டை மேல் லேயராக, அதாவது அதன்மேல் வைக்கும் இன்னொரு அடுக்காக, வைக்கிறேன். மேல் லேயரைப் பாதி மங்கலாக்கி, அடியிலுள்ள படத்தோடு பொருந்தும்படி நகர்த்த வேண்டும். பிடிமானத்துக்கு நான் பார்ப்பது நெற்றிப் பொட்டு, காலர் பட்டன், பள்ளி பேட்ஜ். பிறகு மங்கலை எடுத்து லேயரை முழுதாக்கிவிட்டு, இரண்டு லேயரும் கலக்கும் விதமான லேயர் மோடை 'டிஃபரன்ஸ்' என்று மாற்றினால் சரியாகப் பொருந்திய இடமெல்லாம் கறுப்பாகிவிடும். விளிம்பில் வெள்ளைக் கோடு மினுக்கினால் இன்னும் விலகியிருக்கிறது என்று அர்த்தம். பொருந்தியதும் பழைய மோடுக்குத் திரும்பி, மேல் லேயரை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, வெள்ளை பிரஷ்ஷால் அந்தத் தலையை மட்டும் தடவி வெளியே கொண்டுவரலாம்.

முதல் வருஷம் கண்ணை மட்டும் எடுத்து ஒட்டினேன். பார்க்கவே பயமாக இருந்தது. சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ளும். சிரிக்காத ஷாட்டின் கண்ணைச் சிரிக்கும் வாய்க்கு மேல் வைத்தால் முகமூடி மாட்டியதுபோலத் தெரியும். அப்போதிலிருந்து காலரிலிருந்து உச்சிவரை முழுத் தலையையும் எடுக்கிறேன். இரட்டைச் சடையும் ரிப்பனும் சேர்ந்தே வர வேண்டும். பின்வரிசைப் பிள்ளையின் சட்டை தலையை ஒட்டி இருந்தால் அந்த விளிம்பில் பிரஷ்ஷைச் சின்னதாக்கிப் பொறுமையாகப் போக வேண்டும். ஒரு தலைக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.

மேகம் மறைத்து ஒரு ஷாட் இருண்டுபோனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கர்வ்ஸ்' கருவியை வைத்துச் சமன்செய்யலாம். அப்போது முகத்தை ஒப்பிடாதீர்கள், வெள்ளைச் சட்டையை ஒப்பிடுங்கள். சட்டை ஒத்துப்போனால் முகம் தானாக ஒத்துப்போகும். ஒரே லேயரை நாலு தடவை பெரிதாக்கிச் சிறிதாக்கித் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் கூர்மை குறையும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடும் 'யூனிஃபைட் டிரான்ஸ்ஃபார்ம்' 2.10-இல் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

ஜிம்ப்பில் எனக்குப் பெரிய குறை, லேயர்களைத் தானாகப் பொருத்தும் வசதி அதோடு வராததுதான். ஃபோட்டோஷாப்பில் 2007-லிருந்தே அது உண்டு. கையில் பிடித்து எடுத்த படங்களுக்கு நான் ஹுகின் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் ஷாட்டுகளைப் பொருத்திக்கொண்டு வருகிறேன். வருஷத்துக்கு நாலைந்து படம் செய்பவருக்கு ஜிம்ப்பே போதும். வாரத்துக்குப் பத்து ஆல்பம் செய்யும் ஸ்டுடியோக்காரருக்குச் சந்தா கட்டுவதுதான் லாபம். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-க்கு மாறிவிட்டேன். ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பிப் போய் அளவை மாற்ற முடிகிறது, பல லேயர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கவும் முடிகிறது. அதற்காகவே மாறலாம்.

2023-இல் வந்த கூகுளின் பிக்சல் 8 போனில் 'பெஸ்ட் டேக்' என்று ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த ஷாட்டுகளிலிருந்து முகத்தை எடுத்து மாற்றுகிறது. நான் கையால் செய்வதும் அதுவே, எனக்கு அதில் மறுப்பு இல்லை. அந்தப் பிள்ளையின் முகம், அதே நிமிஷத்தில் எடுத்தது. எனக்கு ஆகாதது வேறு. பின்வரிசையில் சிறிதாக, மங்கலாக இருந்த ஒரு பையனின் முகத்தை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்கினேன். பளிச்சென்று வந்தது. மூக்கு ஒடுங்கியிருந்தது, புருவத்து வெட்டுத் தழும்பைக் காணவில்லை. "இது நான் இல்ல சார்" என்றான். அவன் சொன்னது சரி. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகிய அந்தச் செயலி, தகவல் போதாத இடத்தில் இப்படி இருக்கலாம் என்று ஒரு முகத்தை வரைந்துவிடுகிறது. மங்கலான பழைய முகத்தையே திரும்ப வைத்துப் பிரிண்ட் போட்டேன்.

"சார், கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று வருஷத்துக்கு ரெண்டு பிள்ளைகளாவது காதில் வந்து சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகும். வெள்ளைச் சீருடையையும் வானத்தையும் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; அதனால் முகங்கள் உள்ளதைவிட இருட்டாக விழும். அந்த இருட்டை எல்லாருக்கும் ஒரே அளவில் எடுத்துவிடுவது என் வேலை. அதற்கு மேல் யார் நிறத்தையும் தொடுவதில்லை. இருட்டை எடுத்த படத்தை அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுவேன். "நல்லாத்தான் இருக்கேன்ல சார்" என்று ஒருத்தி சொன்னாள்.

இல்லாதவர்களைச் சேர்க்கச் சொல்வதும் நடக்கும். அத்தை மகன் கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னால் மாமா போய்விட்டார். "தம்பி, குரூப் போட்டோல மாமாவை எம் பக்கத்துல நிக்க வெச்சுக் குடுப்பா" என்றார் அத்தை. மறுக்க மனம் வரவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கல்யாணப் படத்தில் வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து வந்தது. மாமாவின் ஒரே தெளிவான படத்தில் வலப்பக்கமிருந்து. கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பினால் நிழல் பொருந்தியது, ஆனால் வகிடும் கன்னத்து மச்சமும் பக்கம் மாறிவிட்டன. திருப்பாமல் வைத்ததைத்தான் அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இப்படி வெறைச்சுக்கிட்டு நிக்க மாட்டாரேப்பா" என்றார். எடுத்துவிட்டேன். அவர்கள் இருவரும் சேர்ந்து நின்ற பழைய நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்து, பூஞ்சைப் புள்ளிகளை ஹீல் டூலால் நீக்கி, கல்யாணப் படத்தின் அளவிலேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். இரண்டும் இப்போது கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன.

பிரிண்டுக்கு ஒரு கணக்கு: 12×18 அங்குலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் படம் 3600×5400 பிக்சல் இருக்க வேண்டும். யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கித்தான் வரும்.

இந்த வருஷம் 41 பேர், 26 ஷாட், மாற்றியது ஆறு தலை. எந்தத் தலை எந்த ஷாட்டிலிருந்து வந்தது என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, லேயர்கள் கலையாத ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் ஃபைலோடும் 26 ஷாட்டோடும் ஹார்டு டிஸ்கில் போட்டுவைத்திருக்கிறேன். தலை மாற்றிய ஆறு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவன் மட்டும் கண் மூடிய படத்தையும் கேட்டான். அதையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.