பெட்டியில் அச்சிட்ட 6000: நானே அசெம்பிள் செய்த கணினியின் க்ராஷ்களும் இன்றைய நிலையும்

ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு அடங்கிய டிடிஆர்5-6000 ரேம், நடுத்தர விலையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று நான் வீட்டில் வைத்திருக்கும் கணினியைப் போலவே ஒன்றை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2025இன் பிற்பகுதியில் ஏறத் தொடங்கிய ரேம் விலை ஒரு கணினியின் மொத்தச் செலவையே புரட்டிப் போட்டுவிட்ட நிலையில், வாங்குங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை. இந்தப் பாகங்களின் வேகத்தையும் கோர் எண்ணிக்கையையும் பற்றிப் போதுமான அளவுக்கு மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது ரேம் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 6000 என்ற வேக எண்ணையும், அந்த எண்ணுக்கு யாரும் முழுப் பொறுப்பு ஏற்காமல் இருப்பதையும் பற்றித்தான்.

கணினி ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே க்ராஷ் ஆரம்பித்துவிட்டது. கனமான விளையாட்டை மணிக்கணக்கில் ஓட்டினாலும் அசையாமல் தாங்கும் அதே கணினி, பிரௌசரில் ஒரு செய்தித்தாளைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும். ப்ளூ ஸ்கிரீன் வந்த நாட்களில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணத்தைக் காட்டியது: ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அதற்கடுத்து பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்து ஒரே கோப்பைச் சுட்டினால் பெரும்பாலும் அது ஏதோ ஒரு டிரைவரின் வேலையாக இருக்கும். பிழை மாறிக்கொண்டே இருந்தால் ரேமையோ, ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள பாதையையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரிய ஜிப் கோப்புகளைப் பிரிக்கும்போது அவ்வப்போது கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை வந்ததும், அதே கோப்பு அடுத்த முறை ஒழுங்காகப் பிரிந்ததும் அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தின.

பாகங்களை விற்ற சென்னை ரிச்சி தெருக் கடையில், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தார்கள். அங்கே கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக நின்றது. உடனே கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்று முடிவு கட்டி, மறுப்புச் சொல்லாமல் புதியதை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதை அவர்களுடைய நல்ல மனதுக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிவு, முறையாக ஷட்டவுன் ஆகாமலே கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. மின்சாரம் நின்றாலும் 41 வரும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41 வரும். ரேம் பிழையால் விழுந்து எழுந்தாலும் அதே 41 வரும். புது எஸ்எம்பிஎஸ்ஸோடும் கணினி அதே பழைய ஒழுங்கில் விழுந்தது.

வீட்டு இன்வெர்ட்டரையும் ஒரு பேச்சுக்குச் சந்தேகித்தேன். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் வரையறையின்படி, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகு ஒரு எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடித்தால் போதும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட் என்பதால், அது ஒரு சுழற்சிகூட இல்லை. இன்வெர்ட்டரின் பின்புறத்தில் யூபிஎஸ், நார்மல் என்று இருக்கும் சுவிட்ச் நார்மலில் இருந்தால், பேட்டரிக்கு மாற அதைவிட அதிக நேரம் ஆகலாம்; மின்விசிறிக்கும் விளக்குக்கும் அது போதுமே தவிர கணினிக்குப் போதாது. எங்கள் வீட்டில் அது யூபிஎஸ்ஸில்தான் இருந்தது. மின்தடையே இல்லாத நாட்களிலும் க்ராஷ் ஆனதால் இந்தக் கதையை அத்துடன் மூடினேன்.

உண்மையான தேடல் ரேமில்தான் தொடங்கியது. மெம்டெஸ்ட்86+ இரவு முழுவதும் ஓடி ஒரு பிழையும் இல்லை என்று சொன்னது. அதை நம்பி ரேமை விடுவித்துவிடக் கூடாது. அந்தச் சோதனை இயங்குதளம் இல்லாமல் தனியாக ஓடுவது. அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினட்டுக்குள் சூடு குறைவாக இருக்கும், ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் முழுப் பாரத்தைச் சுமப்பதில்லை. செத்துப்போன ரேம் செல்லைக் கண்டுபிடிக்க அது சிறந்த கருவிதான். ஆனால் விளிம்பில் தள்ளாடும் வேகத்தை அது பல நேரம் தவறவிட்டுவிடும். பை எண்ணின் இலக்கங்களைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்ட ஒய்-க்ரஞ்சர் என்ற நிரலில் இருக்கும் சோதனைகளை ஓட்டியபோது, சில நிமிடங்களிலேயே கணக்கு தவறாக வருகிறது என்று அது நின்றுவிட்டது. மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸில், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போவை அணைத்து, ரேமை அதன் அடிப்படை வேகமான 4800இல் ஓடவிட்டதும் அதே சோதனை மணிக்கணக்கில் பிழையில்லாமல் ஓடியது. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, 7600இலேயே இருக்கும் சிறிய கிராபிக்ஸைக் கொண்டு மறுபடி சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. ப்ராசஸர் தன் பங்குக்கு எந்தப் பிழையையும் பதிவு செய்யவும் இல்லை.

இங்கேதான் என் கோபத்துக்கான காரணம் இருக்கிறது. 7600இன் அதிகாரபூர்வ விவரத்தில் இரண்டு ஸ்டிக்குகளுக்குக் கொடுத்திருக்கும் உச்ச ரேம் வேகம் 5200 (நான்கு ஸ்டிக் போட்டால் அது 3600ஆக இறங்கிவிடும், 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள்). 2022இல் இந்தத் தலைமுறையை அறிமுகப்படுத்தியபோது, 6000தான் மிகப் பொருத்தமான வேகம் என்று ப்ராசஸரைத் தயாரிக்கும் ஏஎம்டி தரப்பிலிருந்தே சொன்னார்கள். எக்ஸ்போ என்ற வசதியும் அவர்கள் கொடுத்ததுதான். ஆனால் அதை இயக்குவது ஓவர்கிளாக்கிங், அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது என்றும், அதற்கு வாரண்டி பொருந்தாது என்றும் அவர்களுடைய அடிக்குறிப்பே கூறுகிறது. என் மதர்போர்டு நிறுவனமோ அந்த ரேமைத் தன் பொருத்தப் பட்டியலில் 6000 என்று சேர்த்துவிட்டு, அது ஓடுவது ப்ராசஸரின் தரத்தைப் பொறுத்தது என்று கைகழுவுகிறது. ரேம் நிறுவனத்தின் பெட்டியில் 6000 கொட்டை எழுத்தில் இருக்கிறது. நிபந்தனை கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. காசு கொடுத்தவர் மட்டும் அந்த எண்ணை உண்மை என்று நம்பி நடுவில் நிற்கிறார்.

இத்தனையிலும் நியாயமாக நடந்தவர்கள் ரேம் நிறுவனத்தார்தான் என்பதையும் எழுதாமல் விடக் கூடாது. ஒரு ஸ்டிக்கை மட்டும், மதர்போர்டு கையேடு சொல்லும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தேன். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றதைப் போட்டுச் சோதித்தேன். ஒன்று 6000இல் சுத்தமாக ஓடியது, மற்றது ஒவ்வொரு முறையும் விழுந்தது. இந்த விவரத்தையும் திரையின் படத்தையும் பில்லையும் இணைத்து அனுப்பியதும், மேற்கொண்டு கேள்வி கேட்காமல் ஜோடியாகவே திருப்பி வாங்கிக்கொண்டு புதிய ஜோடியை அனுப்பினார்கள். இன்றைய ரேம் விலையில் ஆயுள்கால வாரண்டி என்பது வெறும் விளம்பர வாசகம் இல்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புதிய ஜோடி எல்லாச் சோதனைகளையும் தாண்டியது. ஆனாலும் சில நாட்களில் க்ராஷ் மறுபடி தலைகாட்டியது. இந்த முறை அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் கணினியை இயக்கி, பிற்பகல் வெயிலில் அறை சூடேறிய பிறகுதான் விழுந்தது. விழுந்தபின் சோதனையை ஓட்டினால் உடனே பிழை காட்டியது. மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு மறுபடி இயக்கினால் பிழை மறைந்துவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொள்ள 6000 என்பதன் அளவைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி முறை தரவு மாறுகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 167 பிக்கோசெகண்ட், அதாவது வெற்றிடத்தில் ஒளி 5 சென்டிமீட்டர் செல்லும் நேரம். அந்த இடைவெளியின் நடுவில் எந்தக் கணத்தில் சிக்னலைப் படிக்க வேண்டும் என்பதை மதர்போர்டு ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகச் சோதித்துக் கண்டுபிடிக்கிறது. இதற்கு மெமரி ட்ரெய்னிங் என்று பெயர். புதிய ரேமைப் போட்டதும் சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருப்பது இதனால்தான். கணினி செத்துவிட்டது என்று பயந்து அப்போது அணைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் இப்படிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லாததால், முன்பு கண்டுபிடித்த அளவுகளைச் சேமித்து வைத்து அப்படியே மறுபடி பயன்படுத்தும் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் என்ற வசதியைப் பயாஸில் கொடுத்திருக்கிறார்கள். நேற்றைய கச்சேரிக்குச் சுருதி சேர்த்த தம்புராவை இன்று மீட்டிப் பார்க்காமலே மேடையில் வைப்பது போன்றது இது. குளிர்ந்த அறையில் சேமித்த அளவு, வெயிலேறிய அறையில், அதுவும் 6000 என்ற விளிம்பில், பொருந்தாமல் போய்விடுகிறது.

என் மதர்போர்டில் இந்த வசதி ஆட்டோ என்ற நிலையில் இருந்தது. ஆட்டோ என்றால் இயக்கத்தில் இருக்கிறது என்று பொருள் என்பதைக் கையேட்டில் எங்கும் எழுதவில்லை. இந்த ஆட்டோக்களை நான் இப்போது நம்புவதில்லை. 2023இல் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் கருகிப்போன செய்திகளுக்குப் பிறகு மெமரி கன்ட்ரோலர் அடங்கிய பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி உச்சவரம்பு வைத்தது. எக்ஸ்போவை இயக்கியதும் சில போர்டுகள் தம் இஷ்டத்துக்கு அந்த மின்னழுத்தத்தை ஏற்றியதுதான் அதற்குப் பின்னணி. மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரோடு பவர் டவுன் என்ற துணை அமைப்பையும் சேர்த்து இயக்கினால் பலருக்குக் கணினி நிலைபெறுகிறது. என்னிடம் க்ராஷ் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைசியில் அந்த வசதியையே அணைத்தேன். அன்றிலிருந்து க்ராஷ் இல்லை.

அதற்குப் பதிலாகக் கறுப்புத் திரை நிரந்தரமாகிவிட்டது. எம்.2 எஸ்எஸ்டி வைத்த கணினி, விண்டோஸைச் சில நொடிகளில் திறக்கும் கணினி, பவர் பட்டனை அழுத்திய பிறகு அரை நிமிடத்துக்கும் மேல் எதுவும் காட்டாமல் நிற்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் கணினியில்கூட ஏதோ ஒரு எழுத்தாவது திரையில் ஓடும். ஒவ்வொரு நாளும் இந்த வெற்றுத் திரையின் முன் உட்காரும்போது, இந்த மதர்போர்டின் நல்ல குணங்கள் எல்லாம் எனக்கு மறந்துவிடுகின்றன. நல்ல குணங்கள் இருக்கின்றன: மின்சுற்று சூடேறுவதில்லை, விசிறிகளைச் சத்தமில்லாமல் ஓட்டுகிறது, பயாஸ் புதுப்பிப்புகள் தவறாமல் வருகின்றன, திரை வேலை செய்யாதபோது எந்தப் பாகத்தில் சிக்கல் என்று காட்டும் சிறு விளக்குகள் இந்தத் தேடலில் பெரிதும் உதவின. 7600ஐப் பற்றியும் குறை சொல்ல எதுவும் இல்லை. கோடையில்கூட அதன் வெப்பம் கட்டுக்குள் இருக்கிறது, நான் செய்யும் புகைப்பட வேலைக்கும் வீடியோ வேலைக்கும் அதன் வேகம் தாராளம்.

க்ராஷைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது, க்ராஷ் ஆகாமல் நடந்திருக்கக்கூடிய சேதம். தவறான ஒரு பிட் நிரலில் விழுந்தால் கணினி நிற்கும், நாமும் கவனிப்போம். புகைப்படத்தில் விழுந்தால் அது சத்தமில்லாமல் டிஸ்கில் எழுதப்பட்டுவிடும். டிடிஆர்5இல் பிழை திருத்தும் ஈசிசி வசதி உள்ளேயே இருக்கிறது என்று கடைகளில் சொல்வார்கள். அது சிப்புக்குள் ஏற்படும் பிழையைத்தான் திருத்தும். சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் ஏற்படும் பிழைக்கு அதனால் பயனில்லை, என் சிக்கலோ அந்த வழியில்தான் இருந்தது. அந்த நாட்களில் நகலெடுத்த கோப்புகளை எல்லாம் மூலத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி நகலெடுத்தேன்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் க்ராஷ் பதிவுகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வன்பொருளால் ஒரு முறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்றும், ஓவர்கிளாக் செய்தவை அதிகம் விழுந்தன என்றும், பெயர்பெற்ற நிறுவனங்கள் முழுதாகச் சேர்த்து விற்ற கணினிகள் மற்றவற்றைவிட நம்பகமாக இருந்தன என்றும் அதில் இருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ரேமை ஓட்டுவதும் ஓவர்கிளாக்கிங்தான் என்று தெரிந்த பிறகு அதைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ஆக, ப்ராசஸருக்கு 5க்கு 5, ரேம் நிறுவனத்தின் வாரண்டிக்கு 5க்கு 5, மதர்போர்டுக்குக் கறுப்புத் திரைக்காகவே 5க்கு 2. கூட்டிப் பார்த்தால் நல்ல மதிப்பெண்தான். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பருக்குச் சொல்கிறேன். அவருக்குக் கணினி வேலைக்கு வேண்டும், இப்படித் தோண்டுவதற்கு நேரம் கிடையாது. ஒரே நிறுவனம் முழுப் பொறுப்பேற்கும் கணினி சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அவருக்கு அதுதான் பொருந்தும். 5200க்கு இறக்கி மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரை மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையும் இல்லாமல் போகும், என் வேலைகளில் வேக வித்தியாசமும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் காசு 6000க்குக் கொடுத்ததால், 6000இல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதையும் மீறி வாங்குகிறவர்கள், கடையின் மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனித்தனியாக, நல்ல வெயில் நேரத்தில், ஒய்-க்ரஞ்சரில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.