சியோல் யாங்ன்யோங்சி சந்தையின் மான்கொம்புக் கடைகள்: அவசியம் பாருங்கள், வாங்கும் முன் கேளுங்கள்

சியோலுக்கு வரும் நம்மவர்களை நான் முதலில் அனுப்பும் இடம் யாங்ன்யோங்சி மருந்துச் சந்தை. மெட்ரோ 1-ம் பாதையில் ஜேகி-தோங் நிலையத்தில் இறங்கினால் போதும், ஜின்செங், அதிமதுரம், பட்டை எல்லாம் கலந்த வாசனையே வழி சொல்லிவிடும். கொரியாவை ஆண்ட சோசன் அரசர்கள் காலத்தில் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் வைத்தியம் பார்த்த போஜேவோன் என்ற நிலையம் இருந்த பகுதி இது. இப்போதுள்ள சந்தை 1960-களில் உருவானது.

நான் போவது நோக்யோங் கடைகளுக்காக. நோக்யோங் என்றால் முற்றாத, ரோமம் போர்த்திய மான்கொம்பு. இங்கே ஒரு ஆய்வகத்தில் எலும்புச் செல்களோடு வேலை செய்கிறேன். எலும்பு வளர்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நான் வழக்கமாகப் போகும் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக் கொம்புகள் நிற்கும். முன்னால் தட்டுகளில் காகிதம் போல மெல்லிய வில்லைகள். கடைக்கார அம்மா, நாங்கள் சாஜாங்னிம் என்று கூப்பிடுபவர், ஒவ்வொன்றாக எடுத்து விளக்கொளியில் பிடித்துக் காட்டுவார். நுனியிலிருந்து வருவது புன்கோல்: தேன் நிறம், மெழுகுப் பளபளப்பு, விலையும் உச்சம். அடுத்தது சாங்தே, பிறகு சுங்தே. அடிப்பகுதியான ஹாதேவில் எலும்பின் துளைகள் வெறும் கண்ணுக்கே தெரியும், விலையும் இறங்கிவிடும். வியாபாரிகளின் இந்தத் தரப்பிரிப்பு உயிரியலோடு அப்படியே பொருந்துகிறது. கொம்பு வளர்வது நுனியில்தான். அங்கே இளம் செல்களும் குருத்தெலும்பும் இருக்கும்; கீழே போகப்போகச் சுண்ணாம்பு ஏறி எலும்பாகிவிடும்.

மாட்டுக் கொம்பு வேறு. அதன் மேலுறை நகம் போன்ற கெரட்டின், ஆயுளுக்கும் நிற்கும். மான்கொம்பு முழு எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. பெரிய மானினங்களில் வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 2 செ.மீ. வரை நீளும். முழுமையான ஓர் உறுப்பை இப்படித் திரும்பத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் பாலூட்டி வேறில்லை. பகல் குறுகி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும்போது ரத்த ஓட்டம் நின்று, ரோமத் தோல் உரிந்து, கொம்பு கெட்டியாகிவிடும். நம் சித்த மருத்துவத்தில் பற்பமாக்குவது அந்தக் கெட்டிக் கொம்பை. கொரியர்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய பருவம்.

வாங்குவதாக இருந்தால் எந்த நாட்டுச் சரக்கு என்று கட்டாயம் கேளுங்கள். ரஷ்யாவிலிருந்து வரும் வோன்யோங்கிற்கு மதிப்பு அதிகம். நியூசிலாந்தின் ந்யூயோங் விலை குறைவு, ஆனால் எனக்கு அதுதான் திருப்தி. அங்கே கொம்பு அறுக்கும் முன் வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்வது கட்டாயம். ரத்தமும் நரம்பும் ஓடும் உயிருள்ள உறுப்பை அறுக்கிறார்கள், இது சின்ன விஷயமில்லை. பிரிட்டனில் இதற்குத் தடையே இருக்கிறது. நோய் பயமும் உண்டு. கனடாவிலிருந்து இறக்குமதியான எல்க் மான்கள் வழியாக, மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் கொரியாவுக்குள் வந்திருப்பது 2001-ல் தெரியவந்தது. ஒரு கடையில் நாட்டைக் கேட்டபோது பேச்சை மாற்றி, பொடி அடைத்த மாத்திரைப் புட்டியை நீட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். பொடியாகிவிட்டால் புன்கோலா ஹாதேவா என்று யாருக்குத் தெரியும்?

சரி, சாப்பிட்டால் பலன் உண்டா? இங்கே பிள்ளைகள் வளர, முதியவர்கள் தெம்பாக இருக்க, மூலிகைகளோடு கஷாயம் வைத்துப் பைகளில் அடைத்துத் தருகிறார்கள். 1613-ல் அச்சான தோங்யி போகாம் என்ற கொரிய மருத்துவ நூலின் காலத்திலிருந்தே கோங்ஜின்தான் என்ற மருந்து உருண்டையில் நோக்யோங் உண்டு. இந்த மரபின் மேல் எனக்கு உண்மையான மரியாதை இருக்கிறது. ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்து 2012-ல் நியூசிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, விளம்பரங்கள் சொல்லும் பலன்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே முடித்தது. கொம்பில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் புரதம் இருப்பது நிஜம். ஆனால் அதுவும் புரதம்தானே, வாய்வழி போனால் வயிற்றில் செரித்துவிடும். மூட்டுவலிக்கு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்தக் காசில் நல்ல எலும்பு மருத்துவரைப் பார்க்கலாம். தவிர, இந்தியாவில் 1972-ன் வனவிலங்குச் சட்டம் மான்கொம்பு விஷயத்தில் கடுமையானது. சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் விளக்கம் சொல்லி மாளாது.

சந்தைக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன், மாத்திரைப் புட்டிகளுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், வார நாளில் காலையில் போங்கள். கூட்டம் குறைவாக இருந்தால் வில்லைகளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். அப்புறம், பக்கத்திலேயே சூடாக இலந்தைப்பழ டீ கிடைக்கும், அதைத் தாராளமாகக் குடிக்கலாம்.