புல்லட்டுக்கு கேஸ் ஷாக் போடலாமான்னு கேட்ட மாப்ளைக்கு

போன வாரம் மாப்ள ஒருத்தன் போன் பண்ணான். அவங்க பெரியப்பா வச்சிருந்த பழைய புல்லட் 350 இப்ப அவன் கைக்கு வந்துருச்சு, பள்ளத்துல விட்டா இடுப்புல இடிக்குது, கேஸ் ஷாக் (ஆயிலோட கேஸும் அடைச்சு வர்ற ஷாக் அப்சார்பர்) மாத்தினா சாஃப்ட் ஆயிருமான்னு கேட்டான். நான் போன்லயே கத்திட்டேன், பாவம். அதே வேலைய செஞ்சுட்டு ரெண்டு வருஷம் பட்டவன் நான், அதான் பொறுமையா எழுதிருவோம்னு உக்காந்தேன்.

என்னது 1991 மாடல், வலது கால் கியர். கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்கா எஸ்டேட்ல கணக்கு வேலை, வாரத்துல ஆறு நாள் ஏறி இறங்கணும். மெயின் ரோடு பரவால்ல, எஸ்டேட்டுக்குள்ள பிரியற ஜீப் ரோடு இருக்கே, அது பூராம் கல்லு. வண்டி வாங்கும்போது பின்னாடி பழைய ஷாக் ஒழுகிட்டு இருந்துச்சு, ஸ்பேர்ஸ் கடைல போய் நின்னா மலை ரோட்டுக்கு கெட்டியா இருந்தாத்தான் ஆடாதுன்னு சொல்லி ஒரு ஜோடி கேஸ் ஷாக்க கைல குடுத்துட்டாங்க, 3,800 ரூவா. மாட்டின அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. கல்லுல ஏறினா அந்த அடி அப்படியே முதுகுத்தண்டுல ஏறுது. அம்மாவ குமுளில மூட்டுவலி வைத்தியத்துக்கு கூட்டிட்டு போவேன், ரெண்டாவது தடவையோட நான் பஸ்லயே வாரேன்பான்னு சொல்லிட்டாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு.

ப்ரீலோட, அதாவது ஷாக்கு ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவ, குறைச்சா சாஃப்ட் ஆகும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் கடைசி பல்லுக்கு இறக்கினேன், ஒண்ணும் ஆகல. கட்டப்பனைல ஒரு வயசான ஆசான் இருக்காரு, அவர்தான் சீட்ட கைய வச்சு அமுக்கிப் பாத்துட்டு "மோனே, இது அனங்குன்னில்லல்லோ"ன்னாரு, அசையவே இல்லையேன்னு. ப்ரீலோட் திருப்பினா வண்டியோட உயரந்தான் மாறும், ஸ்பிரிங் கெட்டி கெட்டிதான்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரம் தொங்கும்போது ஆக்சில்ல இருந்து மட்காடு போல்ட் வரைக்கும் அளக்கச் சொன்னாரு, அப்புறம் என்னைய உக்கார வச்சு இன்னொரு தடவ அளந்தாரு. பின் சக்கரம் மேல கீழ போற மொத்த ஆட்டத்துல கால் பங்காவது இறங்கணும், என்னது 9 மில்லிதான் இறங்குச்சு. கேஸ்னாலே கெட்டின்னு நான் சொல்லல, உள்ள இருக்க கேஸு, ஆயில் நுரைக்காம இருக்கறதுக்குத்தான். அந்த ஸ்பிரிங்கு என் வெயிட்டுக்கும் இந்த வண்டிக்கும் ஆகாது, அம்புட்டுதான். அத கடைல சொல்லியிருக்கணும்ல?

முன்னாடியும் இதே கூத்து. யாரோ முன் சக்கரத்த தாங்குற ஃபோர்க்ல 20W50 எஞ்சின் ஆயில அளவில்லாம ஊத்தி வச்சிருக்காங்க. கெட்டி ஆயில் சின்ன ஓட்டைல வெரசா போகாது, சட்டுனு வர்ற அடிக்கு ஃபோர்க் அசையாம நின்னுக்கும், அளவு கூடிட்டா மேல காத்துக்கு இடமும் இல்ல. கழுவி, சரியான ஃபோர்க் ஆயில அளந்து ஊத்தி, ஆக்சில முழுசா முறுக்கறதுக்கு முன்னாடி ஹேண்டில்பார நாலஞ்சு தடவ நல்லா அமுக்கிவிட்டு அப்புறம் டைட் பண்ணாரு, ஃபோர்க்கோட ரெண்டு காலும் நேரா நிக்கணுமாம். பின்னாடி சாதா ஆயில் ஷாக். பின் சக்கரத்த பிடிச்சு மேல கீழ ஆடுற ஸ்விங் ஆர்மோட புஷ் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு, அதுவும் புதுசு. எல்லாத்துக்கும் மேல டயர்ல காத்து, பங்க்ல ரெண்டுக்கும் 35 அடிச்சு விட்டிருக்கான், இப்ப தனியாப் போனா முன்னாடி 20 பின்னாடி 28. இதுக்கு ஒத்த ரூவா செலவில்ல. ஆனா இதுக்கும் கீழ இறக்காத, கல்லுல ரிம் இடிச்சு டியூப் ரெண்டு பக்கமும் கிழிஞ்சுரும்.

அடுத்த தடவ அம்மாவ உக்கார வச்சு குமுளி போனப்ப, திரும்பி வர்ற வழியில பின்னாடி இருந்து ஏம்ப்பா, அந்த பள்ளிக்கூடத்து முன்னாடி இருந்த ஹம்ப எடுத்துட்டாங்களான்னு கேட்டாங்க. ஹம்ப் அங்கதான் இருந்துச்சு. எனக்கு கண்ணே கலங்கிருச்சு.

இதோட நிறுத்தியிருந்தா நல்லாருக்கும். போன மாசம் அந்த ஆயில் ஷாக்கு சீல் போயி இடது பக்கம் ஒழுகிருச்சு, பதினாலே மாசம். மழைலயும் எஸ்டேட் சேத்துலயும் ஓடுது, ராடுல புள்ளி புள்ளியா துரு, அத ஒத்துக்கறேன், ஆனாலும் பதினாலு மாசமா? திரும்பவும் வண்டி படகு மாதிரி ஆடுது, திரும்பவும் அம்மா பஸ்ஸு. இந்த வண்டி ஓட்டுற மாதிரி சொகம் வேற எதுலயும் எனக்கு வராது, அத யார் கேட்டாலும் சொல்லுவேன், ஆனா வீட்டுல வயசானவங்கள பின்னாடி உக்கார வைக்கணும்னா இத நம்பாத மாப்ள, இப்ப எனக்கு அப்படித்தான் தோணுது.

நீ எதையும் வாங்கிறாத. ஞாயித்துக்கிழம வண்டிய எடுத்துட்டு கம்பம் வா, முதல்ல காத்த இறக்கி ஓட்டுவோம், அப்புறம் உன்னைய உக்கார வச்சு அளப்போம். டேப்பு என்கிட்ட இருக்கு.