ப்ளூடூத் பிபி மெஷின்: மலைக் கிராம வண்டியில் பயன்படுத்திய அனுபவம்

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமாக்கா என்று ஆத்தூர்ப் பக்கம் நர்ஸாக இருக்கும் தோழி கேட்டாள். போனோடு இணையும் இந்த மெஷின், ஏற்காடு மலைக் கிராமங்களுக்குப் போகும் எங்கள் மருத்துவ வண்டியில் வெகுநாளாக இருக்கிறது. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மெஷின் அருமையானது. 20 கொண்டை ஊசி வளைவிலும் குலுங்கி ஏறி இறங்கியும் ஒரு பழுது இல்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் அளவோடும் ஒத்துப்போகிறது.

சின்ன கஃப் (கையில் சுற்றும் பட்டை) மட்டும் தனியாக வாங்க வேண்டும். கூட வருவது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு. காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் பலருக்குக் கை அதைவிட மெலிவு. மெலிந்த கையில் பெரிய கஃப் பிபியைக் குறைத்துக் காட்டும். 140-ஐ ஒட்டி இருப்பவர் நார்மல் என்று வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம், மேடேறி வந்தவரை 5 நிமிடம் உட்கார வையுங்கள். ஸ்வெட்டரைச் சுருட்டி விடாமல் கழற்றச் சொல்லுங்கள். இது எந்த மெஷினுக்கும் பொருந்தும்.

என் கோபமெல்லாம் ஆப்பின் மேல்தான். அளவு எடுத்ததும் 'இது யாருக்கு' என்று அது கேட்பதே இல்லை. கடைசியாகத் திறந்திருந்த பெயரில் தானாக ஏற்றிவிடும். டவர் கிடைக்காத ஊரில் அடுத்தவர் பெயர் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் அளவு முந்தையவர் கணக்கில் போய்விடும்.

ஒரே ஊரில் இரண்டு சின்னப்பொண்ணு. இருவருக்கும் வயது 50 என்றே பதிவு. ஒருவருக்கு 170/100. மற்றவர் மாத்திரையால் 118/76-க்கு வந்துவிட்டவர். முதலாமவரின் அளவு இவர் பெயரில் ஏறியது. கீழே சேலத்தில் இருக்கும் டாக்டருக்குத் தெரிவது போனில் வரும் எண்தான். இவருடைய பிபி மாத்திரை அம்லோடிபினை 5 மி.கி.யிலிருந்து 10 ஆக்கச் சொல்லிவிட்டார். நோட்டிலும் பேனாவால் எழுதி வைத்திருந்ததால் மாத்திரை கொடுக்கும் நேரத்தில் பிடித்தோம். இல்லையென்றால் பிபி இறங்கி, தலைசுற்றலோடு அந்த அம்மா விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கியிருப்பார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பெயரைப் பார்த்து எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார்கள் சர்வீஸ் சென்டரில். வரிசை நீளும்போது யாருக்கும் கண் தவறும். அதனால்தான் நோயாளியை இரண்டு அடையாளம் வைத்து உறுதிசெய் என்று நர்சிங்கில் முதலிலேயே சொல்லித் தருகிறார்கள். மருத்துவத்துக்கென்று ஆப் செய்கிறவர்கள் இதை ஒரு நர்ஸிடம் கேட்டிருக்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். தோழிக்கு, வண்டிக்கு வேண்டாம் என்றே சொன்னேன். இவ்வளவு நல்ல மெஷினை அப்படிச் சொல்ல மனசே வரவில்லை. நாங்கள் ப்ளூடூத்தை அணைத்துவிட்டோம். பெயரோடு கணவர் அல்லது அப்பா பெயரையும் கேட்டு, அளவை அவரவர் அட்டையில் எழுதி, அட்டையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறோம்.