போக்கோ எஃப்1-க்கு லினேஜ்ஓஎஸ் போடலாமா?

2018-இல் ஆண்ட்ராய்டு 8.1-உடன் வந்த போக்கோ எஃப்1-ஐ ஷாவ்மி ஆண்ட்ராய்டு 10-உடன் கைவிட்டது. அதன் ஸ்னாப்டிராகன் 845 சிப் இன்னும் சளைக்கவில்லை. இப்படிப்பட்ட போன்களுக்குத்தான் லினேஜ்ஓஎஸ் என்ற, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளம். 2016 இறுதியில் சயனோஜென்மாட் என்ற இதே வகைத் திட்டம் மூடப்பட்டபோது, அதன் நிரலிலிருந்து வளர்ந்தது இது. விளம்பரம் கிடையாது, வேண்டாத செயலிகளும் கிடையாது. ஷாவ்மியின் சொந்த மென்பொருளான மியுஐ-யில் பழகியவருக்கு முதலில் வெறிச்சென்றுகூட இருக்கும்.

முதல் வேலை, வேறு இயங்குதளம் ஏறாமல் காக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறப்பது. எம்ஐ கணக்கைப் போனில் இணைத்தபின் வழக்கமாக 168 மணி நேரம் காக்க வைக்கும். திறந்ததும் போனில் இருப்பதெல்லாம் அழியும். ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனில் நிரல் ஏற்றும் நிலை) லினேஜ் ரெக்கவரியை (இயங்குதளத்தை நிறுவ உதவும் சிறு மென்பொருள்) ஏற்றிய கையோடு, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்து அழுத்தி நேராக ரெக்கவரிக்குப் போய்விடுங்கள். நடுவில் மியுஐ திறந்துகொண்டால் பழைய ரெக்கவரியே திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். பலர் இடறுவது இங்கேதான். அடுத்து ஃபேக்டரி ரீசெட், பிறகு ஏடிபி சைட்லோடு, அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியே லினேஜை ஏற்றுவது. கணினியில் 47 சதவீதத்தோடு நின்றாலும் பதறாதீர்கள், வேலை முடிந்திருக்கும். போன் திரை சொல்வதைப் பாருங்கள். கூகுள் செயலிகள் வேண்டுமானால், ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்து மைண்ட்தகேப்ஸ் என்ற கூகுள் செயலித் தொகுப்பை அப்போதே ஏற்ற வேண்டும். ஒருமுறை லினேஜுக்குள் போய்விட்டுப் பிறகு ஏற்றினால் செயலிகள் முறையாக ஓடாது, மறுபடி ரீசெட்தான்.

பெரிய குறை பணம் சார்ந்தது. பூட்லோடர் திறந்த போன், சாதனம் நம்பகமானதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டியின் கடுமையான சோதனைகளில் தேறாது. எந்த வங்கிச் செயலி, எந்த யுபிஐ செயலி ஓடும் என்பது அப்டேட்டுக்கு அப்டேட் மாறும். கையில் இருப்பது ஒரே போன் என்றால் இந்த வம்பே வேண்டாம். நிறுவியபின் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிப் பார்க்கவும் நினைக்காதீர்கள். போன் பூட் ஆகாமல் போகும்.

பாதுகாப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. செட்டிங்ஸில் ‘டிரஸ்ட்’ பக்கத்தில் இரண்டு பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) நிலைகள் தெரியும். ஆண்ட்ராய்டுக்கானது புதிதாக இருக்கும். வெண்டருக்கானது, அதாவது போன், சிப் தயாரிப்பாளர்களின் நிரலுக்கானது, பழசாகவே நிற்கும். மோடம், கிராபிக்ஸ் போன்றவற்றின் மூடிய நிரலை ஷாவ்மியும் குவால்காமும் தந்தால்தான் உண்டு.

வழக்கமான அப்டேட்டுகள் போனிலேயே வரும், கூகுள் செயலிகளும் அப்படியே இருக்கும். லினேஜ் 21-லிருந்து 22-க்குத் தாவுவது போன்ற பெரிய மாற்றத்துக்கு மட்டும் கணினியும் கேபிளும் மறுபடி வேண்டும். அந்தப் பதிப்புக்குரிய மைண்ட்தகேப்ஸையும் கையோடு ஏற்றிவிடுங்கள்.