ஒட்டுக்கிளை என்ற பெயரில் விறகு: 8,500 ரூபாய் போய்விட்டது

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010இல் மீள்குடியேறிய கையோடு அப்பா ஊன்றிய மாங்கொட்டை இன்று கூரைக்கு மேல் நிற்கிறது. காய்க்குக் குறைவில்லை, வாயில் வைத்தால் பல் கூசும் புளிப்பு. தறிக்க மனம் வரவில்லை. கறுத்தக்கொழும்பான் என்ற இனிப்பு மாவின் கிளைத்துண்டுகளை அதில் பொருத்தி ஒட்டலாம் என்று கிளைகளைக் குறைத்து, புதுத் துளிர் பென்சில் பருமன் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

இணையத்தில் பழமரக் கன்றுகள் விற்கும் ஒரு பக்கத்தில் இருபது ஒட்டுக்கிளை, ஒரு கத்தி, ஒட்டு நாடா கேட்டேன். 8,500 ரூபாய், முழுவதும் முற்பணம். தயங்கினேன். அப்போது அந்தத் தம்பி, "அண்ணா, முதலில் மரத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். துளிரின் பருமன் பார்த்துத்தான் நாங்கள் கிளை வெட்டுவோம்" என்றார். அங்கேதான் விழுந்தேன். தொழில் தெரியாதவன் இப்படிக் கேட்பானா? படத்தையும் அனுப்பிப் பணத்தையும் போட்டேன்.

இரண்டு நாளில் வரும் என்ற பொதி ஆறாம் நாள் கிளிநொச்சிக்கு வந்தது. ஈரத்துணி இல்லை, பொலித்தீன் இல்லை. வெறும் பத்திரிகைத் தாள். இரு முனையிலும் மெழுகு. ஈரம் காக்கத்தானே மெழுகு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துளிரில் செருகுவதற்கு அடிமுனையை ஆப்புப்போல் சீவும்போதே ஒன்று தீக்குச்சிபோல் முறிந்தது. அப்போதாவது விளங்கியிருக்க வேண்டாமா? மற்றப் பத்தொன்பதையும் ஒட்டினேன். மூன்று வாரம் கழித்து நகத்தால் சுரண்டினால் மண்ணிறத் தூள்தான் உதிர்ந்தது.

கேட்டால், "வன்னி வெயில் அப்படித்தான் அண்ணா" என்றார். பிறகு, "உங்கள் கைவாகு சரியில்லை." பிறகு, "முதலாளி வந்ததும் சொல்கிறேன்." அந்த முதலாளி இன்னும் வந்தபாடில்லை. நேற்றுப் பார்க்கிறேன், அதே பக்கத்தில் என் மரத்தின் படம், "எங்கள் கிளை ஒட்டிய மரம்" என்று! பின்னால் கிணற்றடியில் அம்மா காயப்போட்ட சேலைகூடத் தெரிகிறது. கீழே கேள்வி கேட்டேன், என்னைத் தடுத்துவிட்டார்கள். 8,500 ரூபாய்!

பார்த்து வாங்குவது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிப் போடாதீர்கள். பொதி வந்ததும் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இல்லாவிட்டால் கத்தியைத் தொடவே வேண்டாம். மரத்தின் படத்தை எவனுக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டு ஒழுங்கை தள்ளிப் பெரியப்பா வளவில் கறுத்தக்கொழும்பான் நிற்கிறது. "கேட்டிருந்தால் நானே வெட்டித் தந்திருப்பேனே மகன், இப்போதும் வந்து வெட்டு" என்கிறார். எதில் ஒட்டுவது? துளிரையெல்லாம் சீவி முடித்துவிட்டேனே.