ஜேம்ஸ்டவுன் ஒரு நாள் பஸ் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாஷிங்டன் பக்கம் இருந்துகொண்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை வார இறுதி பஸ் டூரில் வர்ஜீனியாவில் இருக்கும் ஜேம்ஸ்டவுனுக்கு, அதாவது அமெரிக்காவில் ஆங்கிலேயர்களின் நிலைத்த முதல் குடியிருப்புக்கு, அழைத்துப் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்களை ஒரு டூர் கம்பெனி ஏமாற்றிவிட்டது. பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையைத் தெரிந்துகொண்டால் யார் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஜேம்ஸ்டவுன் என்ற பெயரில் அங்கே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 1607 மே மாதம் ஆங்கிலேயர்கள் இறங்கிக் கோட்டை கட்டிய அசல் தீவு. அதை ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன் என்கிறார்கள். இன்னொன்று ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட். அது வர்ஜீனியா மாநில அரசின் அருங்காட்சியகம். கோட்டையையும் மூன்று கப்பல்களையும் பழைய மாதிரியிலேயே புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் டிக்கெட் தனித்தனி. செட்டில்மென்ட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைகளோடு போனால் பொழுது போவதே தெரியாது.

கம்பெனியின் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது ஒரு பழைய செங்கல் கோபுரத்தின் படம். 17ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில் மிஞ்சி நிற்பது அது, இருப்பது தீவில். அந்தப் படத்தைக் காட்டி, ஆளுக்கு 165 டாலர், நுழைவுக் கட்டணமும் சைவச் சாப்பாடும் சேர்த்து என்று வாங்கினார்கள். பஸ் முதலில் போய் நின்றது ஒரு அவுட்லெட் மாலில். அங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் செட்டில்மென்ட்டில் இறக்கிவிட்டு, மூடுகிற நேரத்துக்குள் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். தீவுக்கு எப்போது போவோம் என்று அப்பா கேட்டதற்கு, "இதுதான் சார் ஜேம்ஸ்டவுன்" என்று கைடு சொன்னார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிழக்கிந்தியக் கம்பெனியை வருடா வருடம் பாடம் நடத்தியவர். அதன் முதல் ஆளுநர் தாமஸ் ஸ்மித்தான் ஜேம்ஸ்டவுனுக்கு ஆள் அனுப்பிய வர்ஜீனியா கம்பெனிக்கும் தலைமை தாங்கினார் என்பதால், அந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தார். அவரிடம் கைடு மைக்கில் சொன்னது என்ன தெரியுமா? பூர்வகுடித் தலைவரின் மகள் போகஹான்டஸ், குடியேறிகளின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஸ்மித்தைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாராம். அவர் 1614இல் மணந்தது புகையிலை பயிரிட்ட ஜான் ரால்ஃபை. 1617இல் இங்கிலாந்தில் கிரேவ்ஸென்ட் என்ற ஊரில் இறந்துபோனார். பின்னால் இன்னொரு ஆங்கிலேயக் குழுவை ஏற்றிவந்த மேஃப்ளவர் கப்பல் வந்ததும் இங்கேதான் என்றார் கைடு. அது 1620இல் போனது பிளிமத்துக்கு, வடக்கே மாசசூசெட்ஸில். பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் இதையெல்லாம் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிறகு நானே காரில் அப்பாவைத் தீவுக்கு அழைத்துப்போனேன். அவர்கள் எங்களிடமிருந்து மறைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே போனபிறகுதான் புரிந்தது. கோட்டை இருந்த இடத்தை ஆறு தின்றுவிட்டது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994இல் தொல்லியலாளர் வில்லியம் கெல்சோ தோண்டத் தொடங்கிய பிறகுதான் அது கிடைத்தது. இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

முதலில் வந்த 104 ஆண்களிலும் சிறுவர்களிலும் பாதிக்கு மேல் அந்த வருடமே செத்துப்போனார்கள். கடல் ஏற்றம் உள்ளே வரும் ஆறு, கோடையில் தண்ணீர் உப்புக்கரிக்கும். போதாததற்குப் பஞ்சம்: 1606 முதல் 1612 வரை அந்தப் பகுதியில் பல நூற்றாண்டுகளில் இல்லாத வறட்சி என்று மர வளையங்களை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1609-10 குளிர்காலத்தில் கோட்டையை அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் முற்றுகையிட்டார்கள். உள்ளே சுமார் 300 பேர் இருந்தார்கள். வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் 60 பேர்தான். குதிரை, நாய், எலி, காலணித் தோல் எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள்.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோடு இருக்கிறது. சுமார் 14 வயதுப் பெண். 2012இல் ஒரு நிலவறைக் குப்பையில், நாய், குதிரை எலும்புகளோடு சேர்ந்து கிடைத்தது. நெற்றியில் ஆழமில்லாத நான்கு வெட்டுகள். முதலில் வெட்டியவர் கை தயங்கியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பசியில் அவள் உடலைத் தின்றிருக்கிறார்கள். அவள் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, ஜேன் என்று கூப்பிடுகிறார்கள். அப்பா அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

ஆற்றோடு சில மைல் கீழே மார்ட்டின்ஸ் ஹண்ட்ரட் என்ற குடியிருப்பு இருந்தது. அங்கே ஒப்பந்த வேலைக்காரனாக வந்த ரிச்சர்ட் ஃப்ரெத்தோர்ன் என்ற இளைஞன் 1623இல் பெற்றோருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பட்டாணியும் தண்ணீர்க் கஞ்சியும் தவிர வேறு எதையும் கண்ணில் பார்க்கவில்லை, பணம் கட்டி என்னை மீட்டுவிடுங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் பாலாடைக்கட்டியாவது அனுப்புங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். லண்டனில் வர்ஜீனியா கம்பெனி அச்சடித்துப் பரப்பிய ஆசை வார்த்தைகளுக்கும் இந்தக் கடிதத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் ஒரு கைடு சொல்ல வேண்டும். அதே போல, 1610இல் ஆங்கிலேயர்கள் பாஸ்பஹே என்ற பூர்வகுடி மக்களின் ஊரைக் கொளுத்தித் தலைவரின் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றதையும், 1619இல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து விற்றதையும் விட்டுவிட்டு இந்த இடத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

சரி, பணத்துக்கு வருகிறேன். கம்பெனிக்கு எழுதினேன். "பயணத் திட்டத்தில் ஜேம்ஸ்டவுன் என்றுதான் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது, கூடவே அடுத்த டூருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் கிரெடிட் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். கோபுரம் தீவில் இருக்கிறது, பஸ் அங்கே போகவில்லை என்று இரண்டு வரியில் எழுதினேன். பாதிப் பணம் திரும்ப வந்தது.

புக் செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தீவுக்குள் போவீர்களா, அங்கே எவ்வளவு நேரம்? பதிலை மெயிலில் வாங்குங்கள். காரில் போகிறவர்கள் கவனிக்க: தேசியப் பூங்கா வருடாந்திர பாஸ் இருந்தாலும் தீவில் கட்டணத்தின் ஒரு பகுதிக்குத்தான் செல்லும், மீதியைத் தனியாகக் கட்ட வேண்டும். கோடையில் கொசு அதிகம், வெட்டவெளியில் நிறைய நடக்க வேண்டும். பெரியவர்களை அழைத்துப்போனால் காலையிலேயே போய்விடுங்கள்.